பனிக்கும் மணிக்கணக்கு வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

குளிர்நாடுகளில் வீசும் பனிப்புயல் பற்றிய செய்தி நம் நாளிதழ்களில் வரும்போதெல்லாம் ஒரே ஓர் எண்தான் தலைப்பில் நிற்கிறது: இன்ன நகரில் இத்தனை சென்டிமீட்டர் பனி. அடுத்த பத்தியில் 'வானிலை அறிவிப்பு பொய்த்தது' என்றோ 'யாரும் எதிர்பாராத பனி' என்றோ இருக்கும். பனியோடு இடியும் மின்னலும் சேர்ந்துவிட்டால் அது தனிப் பெட்டிச் செய்தியாகி, 'இயற்கையின் விந்தை' என்று முடிந்துபோகும். இந்த மூன்று செய்தியும் பெரும்பாலும் ஒரே செய்திதான். மேகத்துக்குள் வெப்பச்சலனம் (ஈரக்காற்று வேகமாக மேலெழுவது) கிளம்பியதால் பனி குறுகிய பட்டையாகக் கொட்டியது, அதனால்தான் ஓர் ஊரில் இடுப்பளவும் பக்கத்து ஊரில் கணுக்காலளவும் கிடந்தது, மின்னியதும் அதனால்தான். மொத்த அளவோடு நிறுத்திக்கொள்ளாமல் மணிக்கு எவ்வளவு, எந்த நேரத்துக்குள், எவ்வளவு அகலப் பட்டையில் என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 30 செ.மீ. பனி ஒரு முழு நாளில் பெய்தால் மணிக்கு 1.25 செ.மீ. பனி அகற்றும் வண்டி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சாலையைச் சுற்றி வந்தால்கூட, அது வரும்போது தரையில் இரண்டரை சென்டிமீட்டர்தான் சேர்ந்திருக்கும். அதே 30 செ.மீ. நான்கே மணி நேரத்தில் கொட்டினால் மணிக்கு 7.5 செ.மீ.; வண்டி திரும்பி வருவதற்குள் 15 செ.மீ. ஏறிவிடும். சாதாரணக் காரின் அடிப்பாகம் தரையிலிருந்து ஏறக்குறைய அவ்வளவு உயரத்தில்தான் இருக்கிறது. ஒரு கார் சிக்கினால் பின்னால் வரும் வண்டிகள் நிற்கும். நின்ற வண்டிகளைத் தாண்டிப் பனி அகற்றும் வண்டி போக முடியாது. அதற்குள் மேலும் 15 செ.மீ. விழும். நெடுஞ்சாலைகளில் நூற்றுக்கணக்கானோர் இரவெல்லாம் சிக்கிக்கொள்வது இந்த வரிசையில்தான் நடக்கிறது. மொத்தம் 30 செ.மீ. என்ற எண்ணில் இந்த இரண்டு நாள்களுக்கும் வித்தியாசமே தெரியாது.

வெப்பச்சலனம் என்றால் வெயிலில் காய்ந்த தரையும் மாலை இடிமழையும்தான் நம் மனதில் வரும். பனிக்காலத்தில் தரை உறைந்து கிடக்கும்போது எதற்கு வெப்பச்சலனம் என்ற கேள்வி நியாயமானது. பதில்: காற்று மேலேறுவதற்குத் தரை சூடாக இருக்க வேண்டிய அவசியமில்லை, மேலே இருக்கும் அடுக்கைவிடக் கீழடுக்கு போதுமான அளவு வெப்பமும் ஈரமுமாக இருந்தால் போதும். அந்தக் 'கீழடுக்கு' தரையிலிருந்து இரண்டு கி.மீ. உயரத்தில்கூட இருக்கலாம். பனிப்புயலில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. தரையை ஒட்டி உறைகுளிர்க் காற்று ஒரு ஆப்பு போலக் கிடக்கும். அதன் முதுகின் மேல் தெற்கிலிருந்து (வட அரைக்கோளத்தில்) வெப்ப ஈரக்காற்று சறுக்கி ஏறும். அதற்கும் மேலே தாழ்வுமண்டலத்தைச் சுற்றிவரும் உலர்ந்த குளிர்காற்று நுழையும். ஈரத்தின் மேல் உலர்வு ஏறி உட்கார்ந்தால், அந்த அடுக்கு முழுவதையும் தூக்கும்போது அடிப்பாகம் சீக்கிரம் நீராவி நிறைந்து மெதுவாகக் குளிரும், மேற்பாகம் வேகமாகக் குளிரும். அடுக்கு நிலைகுலைந்து கவிழ்கிறது. பனி மேகத்துக்குள் இடிமேகம் முளைப்பது இங்கேதான்.

வானிலை பலூன் அளவீட்டை வாசிப்பதில் பலரும் தவறுவது இந்த இடத்தில். மிதப்பு ஆற்றலை, அதாவது காற்று தானே மேலேறக் கிடைக்கும் ஆற்றலை, கணினி தரையிலுள்ள காற்றை வைத்துக் கணக்கிட்டுப் பூச்சியம் என்று காட்டும். உடனே 'வெப்பச்சலனம் இல்லை' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மைனஸ் 5 டிகிரியில் கிடக்கும் தரைக்காற்றை யார் தூக்கப்போகிறார்கள்? தூக்கப்பட வேண்டியது ஆப்பின் முதுகுக்கு மேலே, பெரும்பாலும் 850 முதல் 700 ஹெக்டோபாஸ்கல் வரையிலான காற்றழுத்த அடுக்குக்குள் (ஏறக்குறைய ஒன்றரை முதல் மூன்று கி.மீ. உயரம்), மிகுந்த வெப்பமும் ஈரமும் உள்ள காற்று. 'அதிக நிலையற்ற அடுக்கு' என்ற தேர்வை வைத்துத் திரும்பக் கணக்கிட வேண்டும். அப்போதும் வரும் எண் பார்ப்பதற்கு அற்பமாக இருக்கும். கிலோவுக்கு 50 ஜூல், மிஞ்சிப்போனால் 100, 200. கோடை இடிமழைக்கு ஆயிரக்கணக்கில் பார்த்துப் பழகியவர்கள் இதைத் துடைத்துப் போட்டுவிடுவார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 50 ஜூல் மிதப்பு ஆற்றல் முழுதும் வேகமாக மாறினால் விநாடிக்கு 10 மீட்டர். உராய்விலும் உலர்காற்றுக் கலப்பிலும் அந்த வேகத்தில் பாதி போனாலும் 5 மீட்டர் மிஞ்சும். வெப்பச்சலனம் இல்லாத பனிமேகத்தில் காற்று மேலேறும் வேகம் விநாடிக்குச் சில சென்டிமீட்டர்தான். பனித்திவலை விழும் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர். ஆகவே 'அற்பமான' அந்த 50 ஜூல், விழுகிற பனியை மேலே திருப்பி அனுப்பும் அளவுக்கு வலிமையுள்ளது. பனிக்கால வெப்பச்சலனத்தைக் கோடைக்கால அளவுகோலால் அளக்கக் கூடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

நேராக மேலேறுவது ஒரு வகை. இன்னொன்று சாய்ந்து ஏறுவது. ஒரு காற்றுப் பொதியை நேர் மேலே தூக்கினால் பாரமாகித் திரும்பி இறங்கிவிடுகிறது. கிடையாகத் தள்ளினால் பூமியின் சுழற்சி அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறது. ஆனால் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு சாய்வில் தள்ளினால் மட்டும் திரும்பாமல் விலகிக்கொண்டே போகிறது. உயரத்தோடு காற்றின் வேகம் கூர்மையாக ஏறும் இடத்தில், அதாவது வெப்பமும் குளிரும் நெருக்கமாக மோதிக்கொள்ளும் இடத்தில், காற்றில் நீராவியும் நிறைந்திருந்தால் இது நடக்கும். இதைக் கண்டுபிடிக்க, வெப்ப வேறுபாட்டுக் கோடுகளுக்குக் குறுக்காக வளிமண்டலத்தை வெட்டிப் பார்ப்பது போல ஒரு குறுக்குவெட்டுப் படம் வரைவார்கள். அதில் காற்றின் உந்தத்தைக் காட்டும் உந்தக் கோடுகளும், நீராவி நிறைந்த காற்றின் வெப்பத்தைக் காட்டும் நிறைநிலை வெப்பக் கோடுகளும் இருக்கும். வெப்பக் கோடுகள் உந்தக் கோடுகளைவிடச் செங்குத்தாக நின்றால் அங்கே சாய்வு நிலைகுலைவு இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்தப் படத்தை நிறம் தீட்டிக் கணினி தரும்போது பாதி வானம் சிவப்பாகத் தெரியும். சிவப்பு இருக்கும் இடமெல்லாம் பனிப்பட்டை வரும் என்று சொல்லிவிடக் கூடாது. மூன்று சோதனைகளை வரிசை மாறாமல் செய்ய வேண்டும். ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா? இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். நேர்நிலைகுலைவு இருக்கிறதா? இருந்தால் அதுதான் முந்திக்கொண்டு கிளம்பும். சாய்வுக்கு வேலை இல்லை. மூன்றாவது, இதைத் தூண்டிவிட ஏதாவது இருக்கிறதா? தூண்டுவது பெரும்பாலும் முகப்பு இறுகுதல்: வெப்பக் கோடுகளைக் காற்று நெருக்கி நெருக்கித் தள்ளும் பட்டை. 850 முதல் 700 ஹெக்டோபாஸ்கல் வரை அது எங்கே மிகுந்திருக்கிறதோ அதற்குச் சற்றுக் குளிர்ப்பக்கமாக, அதற்கு மேலே, காற்று எளிதில் நிலைகுலையும் நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் 20 முதல் 40 கி.மீ. அகலமும் நூற்றுக்கணக்கான கி.மீ. நீளமும் கொண்ட பட்டை உருவாகும் வாய்ப்பு மிகுதி. சாய்ந்து ஏறும் காற்று மட்டும் மின்னலுக்குப் போதுமான வேகத்தைத் தருவது கடினம். பட்டையில் மின்னல் தெரிந்தால் அதற்குள் நேர் வெப்பச்சலனமும் கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து.

மேலேறும் வேகம் இருந்தால் மட்டும் பனி குவிந்துவிடாது. அந்த வேகம் எந்தக் குளிரில் உச்சம் தொடுகிறது என்பது பெரிய கேள்வி. மைனஸ் 12 முதல் மைனஸ் 18 டிகிரி வரையுள்ள அடுக்கில்தான் ஆறு கிளை விரித்த பூப்போன்ற படிகங்கள் வேகமாக வளரும். மைனஸ் 15-ஐ ஒட்டி அது உச்சம். காற்று அதிவேகமாக ஏறும் இடமும் இந்த அடுக்கும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தினால், படிகங்கள் பெரிதாகி, ஒன்றோடொன்று கொக்கிபோட்டு, உள்ளங்கையில் விழுந்தால் தனித்தனிக் கிளைகளாகத் தெரியும் பஞ்சுத் திவலைகளாக இறங்கும். ஒரு மி.மீ. நீருக்கு 15, 20 மி.மீ. உயரமுள்ள பனி கிடைக்கும். உச்சவேகம் மைனஸ் 5 டிகிரி அடுக்கில் நின்றால் ஊசிப் படிகங்கள்தான்; அடர்த்தி கூடி உயரம் குறையும்.

ஆகவே 'நீரைப் பத்தால் பெருக்கு, பனி வந்துவிடும்' என்ற பழைய வாய்ப்பாடு பெருந்தவறுகளுக்குக் காரணம். 25 மி.மீ. நீர் என்று வானிலைக் கணினி மாதிரி சொன்னால், பத்து மடங்கில் 25 செ.மீ., பதினெட்டு மடங்கில் 45 செ.மீ., ஏழு மடங்கில் 17.5 செ.மீ. ஒரே மழையளவு, மூன்று வெவ்வேறு நாள்கள். வெப்பச்சலனம் இதில் இரண்டு பக்கமும் இழுக்கும். அது வேகத்தைக் கூட்டிப் படிகத்தை வளர்க்கவும் செய்யும். உறையாத நீர்த்துளிகளை மேலே இழுத்துப் படிகத்தின் மேல் ஒட்டவைத்து அடர்த்தியைக் கூட்டி, உயரத்தைக் குறைக்கவும் செய்யும். தரையில் விழும் பனியில் சிறுசிறு வெள்ளை மணிகள் கலந்திருக்கின்றனவா என்று பாருங்கள். விரலால் அழுத்தினால் நொறுங்கும், உள்ளே படிக வடிவம் தெரியாது. ஆங்கிலத்தில் கிராப்பல் என்பார்கள். ஆலங்கட்டி வேறு, இது வேறு. நம் செய்திகளில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. கிராப்பல் விழுந்தால் மேலே உறையாத நீர் இருக்கிறது, ஏற்றவேகமும் இருக்கிறது என்று பொருள். பனி மடங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மின்னலுக்குத் தயாராக வேண்டும்.

மின்னலுக்கும் கிராப்பலுக்கும் உள்ள தொடர்பு நேரடியானது. மைனஸ் 10 முதல் மைனஸ் 20 டிகிரி வரையுள்ள அடுக்கில் உறையாத நீர்த்துளி, பனிப்படிகம், கிராப்பல் மூன்றும் ஒன்றாக இருக்கும்போது, கிராப்பலும் படிகமும் மோதி விலகும் ஒவ்வொரு முறையும் மின்னூட்டம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறுகிறது. பாரமான கிராப்பல் கீழே தங்க, லேசான படிகம் மேலே போக, மின்னூட்டம் பிரிந்து நிற்கிறது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேலை நடக்காது. சாதாரணப் பனிமேகம் முழுக்கப் படிகமாகிவிட்ட மேகம். நீர்த்துளி எல்லாவற்றையும் படிகங்கள் உறிஞ்சித் தீர்த்துவிடும். அதனால்தான் ஒரு நாள் முழுக்கப் பனி பெய்தாலும் ஒரு மின்னல்கூட இருக்காது. அதிகக் குளிரும் மின்னலுக்கு எதிரி. ஜப்பானின் மேற்குக் கடற்கரையில் ஹொகுரிக்கு வட்டாரம் குளிர்கால மின்னலுக்குப் பேர்போனது. அங்கே நடந்த ஆய்வுகள் மைனஸ் 10 டிகிரி எட்டும் உயரத்தை அளவுகோலாகக் காட்டுகின்றன: அது ஏறத்தாழ 1.8 கி.மீ.-க்கு மேல் இருந்தால் மின்னல் தாராளம், 1.4 கி.மீ.-க்குக் கீழே இறங்கிவிட்டால் மேகம் மின்னூட்டம் சேர்ப்பதற்கு முன்பே கிராப்பல் தரையில் விழுந்துவிடுவதால் மின்னல் அரிது. குளிர் கடுமையாகக் கடுமையாக இடிப்பனி கூடும் என்று நினைப்பது தலைகீழ்.

மேகம் தாழ்வாக இருப்பதால் இன்னொரு விளைவும் உண்டு. மின்னூட்டம் தரைக்கு அருகில் நிற்கிறது. உயர்ந்த தொலைத்தொடர்புக் கோபுரமோ காற்றாலையோ புகைபோக்கியோ தானே மேல்நோக்கி மின்னலைத் தொடங்கிவிடும். குளிர்கால மின்னலில் நேர்மின்னூட்டத்தை (பிளஸ்) தரைக்கு இறக்கும் மின்னலின் பங்கும் கோடையைவிட அதிகம். ஒரே வெட்டில் பெரும் மின்னூட்டம் பாய்வதால் ஜப்பானியக் கடலோரக் காற்றாலைகளின் இறகுகள் சேதமாவது அங்கே தீராத பிரச்சினை. சத்தத்தைப் பொறுத்தவரை, மழைக்கால இடி 15 கி.மீ. தூரம்கூடக் கேட்கும். கொட்டும் பனி ஒலியை விழுங்கிவிடுவதால் இடிப்பனியின் இடி பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து கி.மீ.-க்குள்தான் கேட்கிறது. ஆகவே பனியில் இடி காதில் விழுந்தால் அது தொலைவில் இல்லை, தலைக்கு மேலேயே இருக்கிறது. இடிப்பனி அபூர்வம் என்ற பேச்சில் ஒரு பங்கு, கேட்காமல் போன இடிகளால் வந்தது.

ஏரி, கடல் மேல் பிறக்கும் பனி தனிக் குடும்பம். அங்கே ஆப்பும் இல்லை, முகப்பும் வேண்டியதில்லை. வெதுவெதுப்பான நீர்ப்பரப்பின் மேல் குளிர்காற்று ஓடுகிறது, அடியிலிருந்து சூடும் ஈரமும் ஏறுகிறது, அவ்வளவுதான். கணிப்பவர்கள் முதலில் பார்ப்பது, நீரின் வெப்பநிலைக்கும் 850 ஹெக்டோபாஸ்கல் உயரத்துக்கும் உள்ள வித்தியாசம். 13 டிகிரி வேண்டும். நீர் 6 டிகிரி என்றால் மேலே மைனஸ் 7 அல்லது அதற்குக் கீழே. அடுத்தது காற்று நீரின் மேல் ஓடும் தூரம், 100 கி.மீ.-க்கு மேல் ஓடினால் நல்லது. மூன்றாவது திசை: தரையிலிருந்து 700 ஹெக்டோபாஸ்கல் வரை காற்றின் திசை 30 டிகிரிக்குமேல் திரும்பாமல் இருந்தால் ஒற்றைப் பட்டை கட்டுக்கோப்பாக நிற்கும், 60 டிகிரி திரும்பினால் சிதறிவிடும். நான்காவது, மேலே மூடிபோல் இருக்கும் வெப்பத் தலைகீழ் அடுக்கின் உயரம். ஒரு கி.மீ.-யில் மூடியிருந்தால் தூறல் பனிதான், மூன்று கி.மீ.-க்கு மேல் போனால் மின்னல்வரை எதிர்பார்க்கலாம். அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள எரி (Erie) ஏரி ஆழம் குறைந்தது, உறைந்துபோனால் உற்பத்தி பெரும்பாலும் நின்றுவிடும். ஆழமான ஒன்டாரியோ ஏரி குளிர்காலம் முழுதும் பெரும்பாலும் திறந்தே கிடக்கும்.

எரி ஏரியின் நீளவாக்கில் தென்மேற்குக் காற்று அடித்தால் பட்டை நேராக நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்தின் மேல் போய் நிற்கும். 2014 நவம்பரில் அதன் தெற்குப் புறநகர்களில் ஒன்றரை மீட்டருக்கு மேல் பனி விழுந்தது. நகரின் வடக்கே சில சென்டிமீட்டர் மட்டும். 2022 நவம்பரில் அந்தப் புறநகர்களில் ஒன்றான ஆர்ச்சர்ட் பார்க்கில் இரண்டு மீட்டர் அளவுக்கு விழுந்தது. இப்படிப்பட்ட நாளில் 'பஃபலோவில் எவ்வளவு பனி' என்ற கேள்விக்கு ஓர் எண்ணால் பதில் சொல்லவே முடியாது. காற்றின் திசை பத்து டிகிரி மாறினால் பட்டை ஒரு மாவட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போய்விடும். பட்டையின் விளிம்பு எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு நகரும் என்பதுதான் முன்னறிவிப்பின் உயிர்.

கணிக்கும் வேலை நாளுக்கு நாள் மாறும் வேலை. ஐந்து நாளுக்கு முன் சொல்லக்கூடியது புயலின் போக்கு மட்டுமே. மூன்று நாளுக்கு முன் முகப்பு எங்கே இறுகும், மேலே உலர்காற்று எந்தப் பக்கம் நுழையும் என்று பார்க்கலாம். ஒன்றரை நாளுக்குள் வந்தால்தான் பட்டையைப் பற்றிப் பேசலாம். வளிமண்டலத்தைப் பத்து கி.மீ.-க்கு மேல் அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் கணினி மாதிரிகள் வெப்பச்சலனத்தை நேராகக் கணக்கிடுவதில்லை, தோராய விதி வைத்து நிரப்புகின்றன. பட்டையை அகலமாகவும் மெலிதாகவும் காட்டும். மூன்று கி.மீ. கட்டமுள்ள மாதிரிகள் பட்டையின் உருவத்தைச் சரியாகக் காட்டும், இடத்தைத் தவறவிடும். உருவத்தின் அழகில் மயங்கி இடத்தையும் நம்பிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. ஒரே மாதிரியைச் சற்றே மாற்றி இருபது, முப்பது முறை ஓட்டும் தொகுப்புக் கணிப்பில் ஒவ்வோர் ஓட்டத்திலும் பட்டை வெவ்வேறு இடத்தில் விழும். அவற்றின் சராசரியை எடுத்து அச்சிட்டால் எங்குமே நடக்காத ஒரு படம் கிடைக்கும்: பரவலாகப் பதினைந்து சென்டிமீட்டர். நடக்கப்போவது ஓரிடத்தில் நாற்பது, மற்ற இடங்களில் ஐந்து. நாளிதழ்கள் வாங்கி அச்சிடும் வண்ண வரைபடங்களில் இந்தச் சராசரி எத்தனை முறை ஏமாற்றியிருக்கிறது! சராசரிக்குப் பதில், மணிக்கு 5 செ.மீ.-யைத் தாண்ட எத்தனை ஓட்டங்கள் வாய்ப்புக் காட்டுகின்றன என்ற சதவீதத்தை அச்சிட்டால் அது நேர்மையாக இருக்கும்.

மழையா பனியா என்ற எல்லையிலும் வேகம் விளையாடும். விழும் பனி உருகும்போது சுற்றியுள்ள காற்றிலிருந்து சூட்டை இழுத்துக்கொள்ளும். மெல்லத் தூறினால் இந்தக் குளிர்ச்சி கணக்கில் வராது. மணிக்கு நான்கைந்து மி.மீ. நீர் அளவுக்குக் கொட்டினால், தரையை ஒட்டிய ஒரு டிகிரி வெப்பம் கொஞ்ச நேரத்தில் கரைந்து, மழை சட்டென்று பனியாக மாறிவிடும். 'மழைதான்' என்ற அறிவிப்போடு உறங்கப்போன ஊர் வெள்ளையாக விழிப்பது இப்படித்தான். எல்லைக்கோட்டில் இருக்கும் ஊருக்கு வெப்பநிலையை மட்டும் பார்த்துச் சொல்லாமல் பொழியும் வேகத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பொழியத் தொடங்கிய பின் ரேடார்தான் கண். ஆனால் பனியில் அந்தக் கண்ணுக்குப் புரை உண்டு. அரை டிகிரி சாய்வில் போகும் ரேடார்க் கற்றை 100 கி.மீ. தூரத்தில் ஏறக்குறைய 1.5 கி.மீ. உயரத்திலும், 150 கி.மீ.-யில் 2.6 கி.மீ.-யிலும், 200 கி.மீ.-யில் 4 கி.மீ.-க்கு மேலும் இருக்கும். இரண்டு கி.மீ. உயரமே உள்ள ஏரிப்பனி மேகம் அதன் கீழே ஒளிந்துகொண்டு பெய்துகொண்டிருக்கும். திரையில் வானம் காலி. மறுபுறம், நீர்மேவிய பனியும் கிராப்பலும் ரேடாருக்கு மிகப் பிரகாசமாகத் தெரியும். 2013 பிப்ரவரி 8 மாலையில் அமெரிக்காவின் லாங் ஐலண்ட், கனெக்டிகட் பகுதிகளில் பட்டையின் எதிரொளி 50 டிபிஇசட்டை (ரேடார் எதிரொளியின் வலிமையை அளக்கும் அலகு) தாண்டியது. பனியில் காணக் கிடைக்காத அளவு. உருகும் பனி, கிராப்பல் கலவை அந்த எண்ணை ஏற்றியிருந்தது. அதே பட்டையில் கனெக்டிகட்டின் சில இடங்களில் மணிக்கு 15 செ.மீ. வரை பனி கொட்டியது. ஹாம்டனில் மொத்தம் ஒரு மீட்டர் அளவுக்குச் சேர்ந்தது. எதிரொளியை மட்டும் பார்த்து அளவு சொல்ல முடியாது. கிடையாகவும் செங்குத்தாகவும் அதிரும் அலைகளை அனுப்பும் இரட்டை முனைவாக்க ரேடாரில், அந்த இரண்டின் எதிரொளியும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஒப்புமைக் கெழுவைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: 0.99-ஐ ஒட்டி நின்றால் ஒரே வகைப் பனி, 0.95-க்குக் கீழே இறங்கினால் கலவை.

மின்னலைப் பொறுத்தவரை, தரையிலுள்ள உணரிகளோடு 2017 முதல் அமெரிக்கக் கண்டங்களின் மேல் நிலைகொண்ட கோஸ் வரிசை வானிலைச் செயற்கைக்கோள்களின் மின்னல் கண்காணிப்புக் கருவியும் சேர்ந்துகொண்டது. பனியில் ஒரு மின்னல் தெரிந்தால் அதற்கு எடை கொடுக்க வேண்டும். மிசௌரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முப்பது ஆண்டுத் தரவுகளை வைத்துப் பார்த்ததில், இடிப்பனி பதிவான இடத்திலிருந்து 110 கி.மீ. தொலைவுக்குள் 15 செ.மீ. அல்லது அதற்கு மேல் பனி சேர்ந்தது 86 சதவீத நிகழ்வுகளில். மின்னிய இடத்திலேயே அவ்வளவு விழும் என்பதில்லை. அந்த வட்டாரத்தில் எங்கோ விழும். மின்னல் தெரிந்த பத்தாவது நிமிடம் பட்டை எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்த்து, அதன் வழியில் இருக்கும் ஊர்களுக்கு மணிவேகத்தை உயர்த்தி அறிவிக்கலாம். இந்த இடத்தில்தான் பெட்டிச் செய்தி என்னை வருத்துகிறது. உயிர் காக்கும் ஒரு தகவல் வேடிக்கையாகிப் போகிறது.

அளப்பது பற்றியும் ஒரு வார்த்தை. நாற்பதுக்கு அறுபது செ.மீ. அளவுள்ள வெள்ளை வண்ணம் பூசிய பலகையைக் காற்று குவிக்காத திறந்த இடத்தில் வைத்து, பனி நின்றவுடனே அல்லது ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை அளந்து துடைக்க வேண்டும். பனி தன் எடையிலேயே அமுங்கும். மணிக்கு மணி துடைத்து அளந்து கூட்டினால் மொத்தம் பெரிதாகிவிடும். 1997 ஜனவரியில் நியூயார்க் மாநிலம் மான்டேக்கில் 24 மணி நேரத்தில் 77 அங்குலம், அதாவது ஏறக்குறைய 196 செ.மீ. பனி என்று பதிவானது. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்ற விதியைவிட அதிக முறை அளந்துவிட்டார்கள் என்பதால் அதைத் தேசியச் சாதனையாக ஏற்க மறுத்துவிட்டார்கள். மணிவேகத்தைத் தெரிந்துகொள்ள இரண்டாவது பலகை வைக்கலாம். அதன் கூட்டலை மொத்தமாகச் சொல்லக் கூடாது. சமூக ஊடகத்தில் வேலியோரக் குவியலில் அளவுகோலைக் குத்தி எடுத்த படங்களை நாளிதழ் அச்சிடாதிருப்பது நல்லது.

நான் கேட்பது அதிக இடம் அல்ல. இப்போது வரும் அதே மூன்று வரியில் வேறு சொற்கள். 'இரவு 25 முதல் 30 செ.மீ. பனி' என்பதற்குப் பதில் இப்படி: 'மாலை 6 முதல் இரவு 10 வரை 30 கி.மீ. அகலப் பட்டையில் மணிக்கு 5 முதல் 8 செ.மீ. பனி கொட்டலாம், பட்டை ஆற்றின் வடகரையில் விழுவதற்கே வாய்ப்பு அதிகம், 40 கி.மீ. தெற்கே விலகவும் கூடும். பட்டைக்கு வெளியே மொத்தமே 5 செ.மீ.; இடியோ மின்னலோ தெரிந்தால் பட்டை தலைக்கு மேல் வந்துவிட்டது, பார்வைத்தூரம் சில நிமிடங்களில் 400 மீட்டருக்குக் கீழே இறங்கும், வண்டியில் இருப்பவர்கள் அடுத்த வெளிவாசலிலேயே நெடுஞ்சாலையை விட்டு இறங்கிவிடவும், வெளியில் இருப்பவர்கள் கோபுரம், கொடிக்கம்பம், மரங்களின் அருகில் நிற்காமல் கட்டடத்துக்குள் போகவும்.'

இப்படிக்கு,
ஒரு வாசகர்